35இல் ஒரு பங்கு அஜேயா

நிஜ டி-72 டாங்கி பீரங்கிக் குழாயையும் சேர்த்து 9.53 மீட்டர் நீளம், 41 டன்னுக்கு மேல் எடை. அதையே 35இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 27 சென்டிமீட்டர்தான். சத்தியமங்கலத்தில் யார் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அடங்கிவிடும். இந்த டாங்கியின் எம்1 ரகத்தைத்தான் சோவியத் உரிமம் வாங்கி ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்தார்கள். ராணுவம் வைத்த பெயர் அஜேயா. 1961இல் தொடங்கி, 1965 கடைசியில் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே விட்ட தொழிற்சாலை அது. அர்ஜுன், பீஷ்மா டாங்கிகள் பின்னால் வந்தவை. நினைத்தவுடன் உள்ளே போய்ப் பார்த்துவிட முடியாது. ஆனால் ஜப்பானின் தமியா நிறுவனம் இதே டி-72எம்1 டாங்கியை 1/35 அளவில் பிளாஸ்டிக் கிட்டாக விற்கிறது.

அதென்ன 35? முப்பதோ நாற்பதோ என்று முழு எண்ணாக வைத்திருக்கலாமே? 1961இல் தமியா ஜெர்மன் பாந்தர் டாங்கியின் மாடலை வெளியிட்டபோது அது தானாக ஓட வேண்டும் என்பது திட்டம். உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கும் அளவுக்கு உடலை வடிவமைத்தார்கள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் நிஜத்தில் ஏறக்குறைய 35இல் ஒரு பங்கு வந்தது. பேட்டரியின் தயவில் பிறந்த அந்த எண்தான் இன்று டாங்கி மாடல் உலகத்தின் பொது அளவு.

செய்கிறவருக்கு இந்த எண் வேறொரு வகையில் உதவுகிறது. ஓர் அடி தூரத்தில், அதாவது 30 சென்டிமீட்டரில், மாடலைப் பார்ப்பது நிஜ டாங்கியை 10.5 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தூரத்தில் கண்ணுக்குப் படாததைச் செய்யத் தேவையில்லை. படுவதை விட்டுவிடவும் கூடாது. 3 சென்டிமீட்டர் போல்ட் தலை அங்கிருந்து தெரியும், ஆகவே மாடலில் அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருந்தே ஆக வேண்டும். பெயின்ட்டில் விழுந்த மயிரிழைக் கீறல் தெரியாது. எதை விடுவது என்று தெரிந்தவரே இதில் கைதேர்ந்தவர் என்பேன்.

ஒட்டுவது எளிது. பாகங்களை அவை ஒட்டியிருக்கும் ரன்னர் சட்டத்திலிருந்து வெட்டி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் மாடல் சிமென்ட்டைத் தூரிகையால் தொட்டால் போதும். அது பசை அல்ல, கரைப்பான். பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கின் இரு ஓரங்களையும் இளக்கி ஒன்றாக்கிவிட்டு ஆவியாகிவிடும். வெல்டிங்குக்கு நெருங்கிய வேலை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு செய்யுங்கள்.

விஷயம் சுவாரசியமாவது டரட்டில், அதாவது பீரங்கியைத் தாங்கிச் சுழலும் மேற்கூட்டில். டி-72எம்1 டாங்கியின் டரட் வார்ப்பு எஃகு. மணல் அச்சின் சொரசொரப்பு அதன் மேலே அப்படியே இருக்கும். உடலோ உருட்டிய தகடு, வழவழப்பானது. பிளாஸ்டிக் இந்த இரண்டையும் ஒரே மாதிரி மழமழவென்று காட்டிவிடும். கோவை ஃபவுண்டரிகளில் உடைத்தெடுத்த பம்ப் கேசிங்கைத் தடவிப் பார்த்த கைக்கு இந்தப் பொய் உடனே பிடிபடும். திருத்த வழி: புட்டியைக் கரைப்பானில் தயிர்ப் பதத்துக்கு இளக்கி டரட் முழுக்கப் பூசி, ஈரம் காய்வதற்குள் முடி குட்டையான விறைத்த தூரிகையால் செங்குத்தாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். காய்ந்ததும் லேசாகத் தேய்த்தால் கூர்முனைகள் மழுங்கி வார்ப்பின் தோல் வந்துவிடும். அதிகம் குத்தினால் பலாப்பழம்.

இழுவைக் கம்பிவடத்துக்குக் கிட்டில் வரும் பாகத்தை நம்ப வேண்டாம். நூலும் சரிப்படாது; சுருங்கிய நூலுக்குத் தொங்கும் கனம் இல்லை, விறைத்து நிற்கும். செம்புக் கம்பிதான் சரி. அதற்கு நம் ஊரில் பஞ்சமில்லை, கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை தெருவுக்கொன்று இருக்கிறது. ஒரு முழம் மெல்லிய கம்பி கேட்டால், “ஒரு முழமா? எந்த மோட்டாருக்குங்க?” என்று சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். கேஸ் அடுப்பில் சிவக்கக் காட்டினால் மேலுள்ள எனாமல் எரிந்து கம்பியும் மெதுவாகும். நாலைந்து இழைகளை முறுக்கி, வளைத்த வளைவில் நிறுத்தலாம்.

டாங்கியின் பின்பக்கம் ஒரு மரத்தடி கட்டியிருக்கும். சேற்றில் சிக்கினால் சங்கிலிப் பட்டையோடு அதைப் பிணைத்து, ஊன்றி மேலேறுவார்கள். மாடலில் அதற்கு விரற்கடைக்கும் மெலிந்த காய்ந்த குச்சி போதும். வேலியோரத்தில் பொறுக்கலாம், 2013 முதல் புலிகள் காப்பகமாக இருக்கும் சத்தியமங்கலம் காட்டுக்குள் போய்ப் பொறுக்க வேண்டாம்.

வண்ணத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. அடிப்பூச்சு அக்ரிலிக்கில் போட்டு நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு கரும்பழுப்பு ஆயில் பெயின்ட்டை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, இடுக்குகளின் ஓரத்தில் தூரிகை நுனியால் தொட்டால், நுண்துளை ஈர்ப்பில் அது தானாகவே கோடு நெடுக ஓடி, போல்ட்டுகளைச் சுற்றி நிழலாகத் தேங்கும். டர்பன்டைன் காய்ந்த அக்ரிலிக்கைக் கரைக்காது என்பதால் கீழ்ப்பூச்சுக்குச் சேதமில்லை.

தூசியில்தான் பலர் சறுக்குகிறார்கள். பவானி ஆற்று மணலை அப்படியே தூவினால், அரை மில்லிமீட்டர் மணி ஒவ்வொன்றும் இந்த அளவில் ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஜல்லி. மண்ணை அரைத்து, நாட்டு மருந்துக்காரர் முறைப்படி வஸ்திரகாயம் செய்து, மெல்லிய துணியில் இறங்கிய பொடியை மட்டும் எடுக்க வேண்டும். எந்த மண் என்பதும் முக்கியம். நம் செம்மண் அழகாக ஒட்டும், ஆனால் அஜேயா ராஜஸ்தானிலும் பஞ்சாபிலும் ஓடுகிற வண்டி. அதன் சக்கரத்தில் தோட்டத்துச் செம்மண் இருந்தால் பார்க்கிறவர் நம்பமாட்டார். பவானிசாகர் அணையில் தண்ணீர் இறங்கும்போது கரையில் வெடித்துக் கிடக்கும் வண்டல், பஞ்சாபுச் சேற்றுக்கு ஏறக்குறைய ஒத்துவரும்.

கடைசிப் பூச்சு பளபளப்பில்லாத மேட் வார்னிஷ். ஐப்பசி அடைமழையில் அதை ஸ்பிரே அடித்தால், காற்றின் ஈரம் படிந்து டாங்கி முழுக்க வெண்மை பூத்துவிடும். தை பிறந்து வெயில் ஏறும்வரை பொறுத்திருந்து அடியுங்கள். அதுவரை ஒரு கண்ணாடிப் பெட்டியில் மூடிவைத்தால், 35இல் ஒரு பங்காகச் சுருங்காத வீட்டுத் தூசி மேலே படியாது.