சாளரஞ் சமைக்குங் கருவி

கருவி வேறு, கருவியைச் செய்தற்கு வேண்டுங் கருவி வேறு. எழுத்தாணி கொண்டு ஏடெழுதினோர் பலர். அவ்வெழுத்தாணியை அடித்தெடுத்த உலைக்களத்தைக் கண்டோர் சிலரே. கணினித் திரையிலே நாம் நாடோறும் அழுத்தும் பொத்தான்களையும், விரியும் பட்டிகளையும், எழுத்திடும் பெட்டிகளையும் மென்பொருள் எழுதுவோர் ஒவ்வொருவருந் தாமே வரைந்துகொள்வதில்லை. அவற்றை ஆயத்தமாக வைத்திருக்குங் கருவித்தொகுதிகள் உள. அவற்றுள் ஒன்றாகிய ‘கியூட்’ என்பதன் வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தேன். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன அலுவல் என வினவுவார்க்கு விடை பின்னர் வரும்.

1990ஆம் ஆண்டுக் கோடைகாலம். நோர்வே நாட்டின் ட்ரொண்ட்ஹைம் நகரிலே ஹோவார்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் என்னும் இருவர் மீயொலிப் படங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளொன்றை எழுதிக்கொண்டிருந்தனர். அது மக்கின்டொஷ், யுனிக்ஸ், விண்டோஸ் ஆகிய மூவகைக் கணினிகளிலும் இயங்குதல் வேண்டும் என்பது கட்டளை. மூன்றிலும் திரை வரையும் முறை மூன்று விதம். ஒருநாள் வெயில் காயப் பூங்காவொன்றின் வாங்கிலே அமர்ந்திருந்தபொழுது, முத்திறக் கணினிக்கும் பொதுவான வரைமுறை ஒன்றை நாமே ஆக்கினால் என்ன என்னும் எண்ணம் பிறந்தது. 1991இல் எழுதத் தொடங்கினர். 1994இல் நிறுவனம் அமைத்தனர். 1995 மே 20ஆம் நாள் தொகுதியை உலகோர் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டனர். பெயரின் முதலெழுத்து நோர்ட் என்பாரின் திரையெழுத்திலே வடிவழகுடன் தோன்றியமையால் தெரிந்துகொள்ளப்பட்டதாம். எழுத்தின் அழகு நோக்கிப் பெயர் வைத்தாரை எனக்குப் பிடித்திருக்கிறது.

பல்கணினிக்கும் பொதுவாதல் எவ்வாறு கூடும்? இருவழி உள. ஊர்தோறும் உள்ளூர்க் கூத்தரையே அமர்த்திக் கதையை நடத்துவது ஒரு வழி; ‘டபிள்யூ எக்ஸ் விட்ஜெற்ஸ்’ என்னும் மற்றொரு தொகுதி அவ்வழிச் செல்வது. தன் கூத்தரையே எங்குங் கொண்டுசென்று, அவ்வவ்வூர் உடையை அவர்க்கு அணிவித்து ஆடச்செய்வது மற்றைய வழி. கியூட் பொத்தானைத் தானே வரைகின்றது. வரையுங்கால் அவ்விடத்துப் பொத்தானைப் போலவே வரைகின்றது. வி.எல்.சி. என்னும் படங்காட்டியும், நிலப்படம் வரைவார்க்குரிய கியூ.ஜி.ஐ.எஸ். என்பதும் இதன்மீதே கட்டப்பெற்றவை.

இனி வழக்குக்கு வருவோம். முதற்காலத்து உரிமத்தின்படி, லினக்ஸ் முதலிய கணினிகளிலே இலவச மென்பொருள் எழுதுவார் கியூட்டைப் பணமின்றிக் கையாளலாம், மூலநிரலையும் படிக்கலாம், ஆனால் தாம் திருத்திய படியைப் பிறர்க்கு வழங்கலாகாது. 1996 ஒக்டோபரிலே மத்தியாஸ் எட்றிச் என்னும் ஜேர்மானிய மாணவர் லினக்ஸ் கணினிக்கு முழுமையான மேசைத்தளம் ஒன்றை இதனைக்கொண்டு அமைக்கத் தொடங்கினார், கே.டி.ஈ. என்பது அதுவே. கட்டுரிமையற்ற மென்பொருளை வேண்டிநின்றார் இதனை ஏற்றிலர். 1997 ஓகஸ்டிலே குனோம் என்னும் போட்டித்தளம் வேறொரு கருவித்தொகுதியின்மேல் எழுந்தது.

இதனை முதலிற் கேட்டபோது, இனாமாகப் பெற்ற மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றனரே என்றே எண்ணினேன். பின்னர் என் தொழிலை நினைந்தேன். ஏட்டைக் கண்ணாற் பார்க்கலாம், பாடபேதமுங் குறித்துக்கொள்ளலாம், பிழை நீக்கிய படியை மட்டும் வெளியிடலாகாது என ஏடுடையார் ஒருவர் விதித்திருப்பின், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தோர் என் செய்திருப்பர்? அவ்வேடுடையார் எத்துணை நல்லவராயினும் ஆகுக. அவருக்குப் பின் ஏடு யார் கைக்குப் போகும்? முறையிட்டோர் பக்கமே நியாயம் இருந்தது.

நிறுவனத்தாரும் செவிசாய்த்தனர். 1998இலே கே.டி.ஈ.யாரும் நிறுவனத்தாரும் கூடி அறநிலையம் ஒன்றை நிறுவினர். பன்னிரண்டு மாதத்துள் கட்டுரிமையற்ற புதுப்பதிப்பை நிறுவனம் வெளியிடத் தவறின், அந்நிலையம் கியூட்டை மிகத் தாராளமான உரிமத்தின்கீழ் உலகுக்கு வழங்கிவிடலாம் என்பது உடன்படிக்கை. 2000ஆம் ஆண்டில் லினக்ஸ் முதலியவற்றுக்கான கியூட் குனூ பொது உரிமத்தின் கீழும் வந்தது. பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்க அம்முன்யோசனையின் அருமை விளங்கும். 2008இலே நொக்கியா நிறுவனத்தை வாங்கிற்று. 2012இல் பின்லாந்தின் டிஜியாவுக்குக் கைமாறிற்று. 2014இல் கியூட்டுக்கெனத் தனிக் கம்பனி தோன்றிற்று. உடையவர் மாறினர்; உடன்படிக்கை மாய்ந்திலது.

என் அலுவலுக்கு வருகின்றேன். முன்னாள் மாணவர் ஒருவர் கிராம வாசிகசாலைக்கென நூற்பட்டியல் பேணும் மென்பொருளொன்றைக் கியூட் கொண்டு எழுதி, அதன் ஆங்கிலத் தொடர்களைத் தமிழாக்கித் தருமாறு கேட்டார். ‘ஓப்பின்’ என்னுஞ் சொல் ஈரிடத்து நின்றது. ஓரிடத்திலே ‘திற’ என்னும் ஏவல். மற்றோரிடத்திலே வாசிகசாலை ‘திறந்துள்ளது’ என்னும் அறிவிப்பு. ஒரு சொல்லுக்கு ஒரு மொழிபெயர்ப்பே என்றிருந்தால் இரண்டிலொன்று பிழைபடும். சொல் வழங்கும் இடத்தையும், பொருள் பிரித்துணர்த்தும் குறிப்பையுங் கூடவே வைக்கும் வசதியைக் கியூட் செய்தோர் முன்னரே அமைத்துள்ளனர். பெயர் வந்து நிரம்பவேண்டிய வெற்றிடங்களுக்கும் நூற்றுவீதக் குறியுடன் 1, 2 என எண்ணிட்டுள்ளனர். ஆதலின் ஆங்கிலத்து முன்னின்றது தமிழிலே பின்னிற்கத் தடையில்லை.

ஆயினும் வேற்றுமையுருபு எங்களை மறித்தது. வெற்றிடத்தின் பின் ‘கு’ வைப்பின், கந்தன் என்பது ‘கந்தன்கு’ என நிற்கும். சாரியையும் புணர்ச்சியும் பொறி அறியாது. ஈற்றில், ‘1 என்னும் நூல் 2 என்பவருக்கு இரவல் கொடுக்கப்பட்டது’ எனத் தொடரை அமைத்தோம். உருபு நாமறிந்த சொல்லிலே ஏறிற்று. பெயர் தன் வடிவு திரியாமல் நின்றது.

பிறிதொரு தொல்லை நகைப்பை விளைத்தது. உள்ளடங்கும் எழுத்தின் அளவுக்குப் பொத்தானை விரித்துக்கொள்ளும் ஒழுங்கு கியூட்டிலே உண்டு. மாணவர் அதனை விட்டு, ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த அகலத்தையே நிலையாக வைத்திருந்தார். ‘இரவற் பதிவேடு’ என யான் எழுதிக்கொடுத்தது திரையிலே ‘இரவற் பதி’ என அறுபட்டு நின்றது. வாசிகசாலையிலே கணவனை இரவல் கொடுக்கும் வழக்கம் எம்மூரில் இல்லை எனக் கூறி, அகலத்தை ஒழுங்குமுறையிடமே விடச்செய்தேன்.

எஞ்சியது ஒரு தொடர். நூலைத் திருப்பித் தந்தான் என்பதா, தந்தாள் என்பதா? ‘தந்தார்’ என முடித்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் ‘ஆர்’ விகுதியா எனத் தயங்கினார் மாணவர். இருக்கட்டும் தம்பி, புத்தகத்தைக் கிழிக்காமற் கொணர்ந்து தரும் பிள்ளைதானே என்றேன்.