இணையத்தளத்துக்குப் பெயர் வைக்குமுன் எழுத்துக் கூட்டிப் பாருங்கள்

நமது ஊர்களில் புதிதாகக் கடை திறப்பவர் பெயர்ப்பலகைக்கு எத்தனை நாள் யோசிக்கிறார்! வாப்பாவின் பெயரா, மூத்த பிள்ளையின் பெயரா என்று வீட்டில் ஆலோசனையே நடக்கும். அதே கடைக்கு இணையத்தளம் தொடங்கும்போது மட்டும், "தம்பி, நீங்களே ஒரு பெயரைப் போட்டு விடுங்க" என்று கணனி தெரிந்த பிள்ளையிடம் சொல்லி விடுகிறோம். பலகையை நாளைக்கே கழற்றி மாற்றலாம். இணையப் பெயர் பில்லிலும் பையிலும் ஏறி, வாடிக்கையாளர் மனதிலும் பதிந்த பிறகு மாற்றினால், புதிதாகக் கடை திறந்தது போலத்தான்.

பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப் இலக்கமும் போதாதா என்று கேட்கலாம். அவை நல்ல சந்தைகள்தான். ஆனால் அடுத்தவர் காணியில் போட்ட கடைகள். ஒரு நாள் கணக்கு முடங்கினால் வாடிக்கையாளர் நம்மை எங்கே தேடுவார்? அதற்குத்தான் சொந்தமாக ஒரு முகவரி வேண்டும்.

பெயர் தெரிவில் நமக்குள்ள பெரிய சிக்கல் ஆங்கில எழுத்துக் கூட்டுதான். காத்தான்குடியை எழுதும்போது நடுவில் இரண்டு 'ரி' போடுவோர் உண்டு, 'ரி.எச்.' போடுவோரும் உண்டு. கடைசியில் சிலர் 'வை', சிலர் 'ஐ'. ஆக ஒரே ஊருக்கு நாலு வடிவம்! ஓட்டமாவடிக்கு இரண்டு 'டி'யா, இரண்டு 'ரி'யா? மருதமுனைக்கு 'ரி.எச்.'சா, 'டி'யா? முஹம்மது என்ற பெயரைச் சொல்லவே வேண்டாம். மருதமுனைச் சாரத்தைத் தேடி வருபவர் ஓர் எழுத்தை மாற்றித் தட்டினால், வெற்றிடத்துக்குப் போவார், அல்லது இன்னொருவர் கடைக்குப் போவார்.

ஆகவே ஒரு சோதனை செய்யுங்கள். நீங்கள் நினைத்த பெயரைத் தொலைபேசியில் மூன்று பேரிடம் சொல்லுங்கள்: பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை, புறக்கோட்டையிலுள்ள ஒரு சிங்கள மொத்த வியாபாரி, கட்டாரில் தொழில் பார்க்கும் ஓர் உறவினர். எழுத்துக் கூட்டாமல் பெயரை மட்டும் சொல்லி, எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூவரும் ஒரே மாதிரி எழுதினால் அது நல்ல பெயர். இலக்கமும் இடைக்கோடும் வேண்டாம். வாயால் சொல்லும்போது அவைதான் குழப்பும். இரண்டு எழுத்துக் கூட்டு தவிர்க்க முடியாததென்றால், இரண்டையும் பதிந்து ஒரே தளத்துக்குத் திருப்பி விடலாம்.

பின்னால் வருவது எது? வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு 'டொட் கொம்' பழக்கமானது. இலங்கை வியாபாரம் என்று காட்ட 1990 இல் நம் நாட்டுக்குக் கிடைத்த 'டொட் எல்கே' உண்டு. 2010 முதல் தமிழிலேயே '.இலங்கை' என்றும் இருக்கிறது. அதில் ஆங்கிலக் குழப்பமே இல்லை. ஆனால் தமிழ் தெரியாதவர் தட்ட முடியாது. தமிழ் எழுத்து மின்னஞ்சல் முகவரியை ஏற்காத இடங்களும் பல. எனவே அதை இரண்டாவது பெயராக வைத்துக்கொள்வது நல்லது.

பிறர் பெயரை ஒட்டி நிற்பதும் கூடாது. சென்னையின் சத்யம் இன்ஃபோவே நிறுவனம் தன் பெயரிலிருந்து 'சிஃபி' என்ற சொல்லை உருவாக்கி, 1999 இல் இணையப் பெயர்களைப் பதிந்தது. 2001 இல் இன்னொரு நிறுவனம் ஓர் 'எஃப்' கூட்டி அதே ஓசையில் பெயர் பதிந்தது. 2004 இல் இந்திய உச்ச நீதிமன்றம், இணையப் பெயருக்கும் வர்த்தகக் குறி போன்ற பாதுகாப்பு உண்டென்று சத்யத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் வர்த்தகக் குறியைப் பதிய 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. வியாபாரப் பெயர்ப் பதிவு வேறு, வர்த்தகக் குறி வேறு, இணையப் பெயர் வேறு. ஒன்றைப் பதிந்தால் மற்றது தானாக வந்து சேராது.

எல்லாவற்றிலும் முக்கியமானது, பெயர் யார் பெயரில் பதியப்படுகிறது என்பது. தளம் செய்து தருபவர் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்து விடுவது சாதாரணமாக நடக்கிறது. நாளை அவர் வெளிநாடு போனாலோ, மனஸ்தாபம் வந்தாலோ, கடைப் பெயர் அவர் கையில், நாம் வெளியில். அவர் நல்லவராகவே இருக்கட்டும். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்க மார்க்கம் கற்றுத் தந்திருப்பது நல்லவர்களுக்கும் சேர்த்துத்தான். பதிவை உங்கள் பெயரில் செய்யச் சொல்லுங்கள். கடவுச்சொல்லையும் பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்கி, காணி உறுதியோடு வையுங்கள்.

இது விலைக்கு வாங்கும் சொத்தல்ல, குத்தகை. 'டொட் கொம்' பெயரை ஒரே தடவையில் கூடியது 10 வருடத்துக்குப் பதியலாம். தவணை தவறிப் பெயர் நீக்கப்பட்டால், மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அதற்கு மேலதிகக் கட்டணமும் கேட்பார்கள். அதுவும் கடந்தால் முந்திக்கொள்பவர் எடுத்துக்கொள்வார். வருடா வருடம் வியாபார அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாளையே இதற்கும் நாளாக வைத்துக்கொண்டால் மறக்காது, இன்ஷா அல்லாஹ்.