சிம்ப்யூட்டர்: திறந்த வடிவமைப்பும் உற்பத்தி முதலீடும்

எழுத்தறியாதாரும் தம் தாய்மொழி வழியே கணினியைப் பயன்படுத்துதல் வேண்டும் என்னும் நோக்குடன் பெங்களூரில் உருவானது சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினி. அது பரவலாகாமல் நின்றதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் இணைந்து 1999இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளையை நிறுவினர். 2001 ஏப்ரலில் மாதிரிக் கருவி வெளியிடப்பெற்றது. லினக்ஸ் இயங்குதளம், தொடுதிரை, எழுத்தை ஒலியாக்கும் இந்திய மொழி மென்பொருள், ஒரு கருவியைப் பலர் பகிர்வதற்கான திறனட்டை ஆகியன அதன் கூறுகளாகும். விலை ஏறத்தாழ 9,000 ரூபாய் எனத் திட்டமிடப்பெற்றது.

வன்பொருள் வடிவமைப்பும் தனி உரிமத்தின்வழி பிறர்க்குத் திறந்துவிடப்பெற்றது. ஆயின் உற்பத்திக்கு அறக்கட்டளை பிற நிறுவனங்களையே சார்ந்திருந்தது. மென்பொருளைச் செலவின்றிப் படியெடுக்கலாம். கருவிக்கோ ஒவ்வொரு படிக்கும் சில்லும் திரையும் வேண்டும். மிகுதியாக உற்பத்தி செய்தாலன்றி விலை குறையாது. விலை குறைந்தாலன்றி மிகுதியாக வாங்குவாரில்லை. இச்சுழலை உடைக்கும் முதலீடு உரிய காலத்தில் கிட்டவில்லை. 2004இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ், பிக்கோபெட்டா நிறுவனங்களின் முயற்சியால் ‘அமிடா’ என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தபோது, கைப்பேசி பரவத் தொடங்கியிருந்தது.

எனினும் இத்திட்டத்தில் பிறந்த ‘த்வனி’ என்னும் பேச்சொலி மென்பொருள் மறையவில்லை. கட்டற்ற உரிமத்தில் அமைந்தமையால் தன்னார்வலர் அதனைத் தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் விரித்தனர்.

இதனால் அறியலாகும் உண்மை ஒன்றுண்டு. திறந்த உரிமம் அறிவைக் காக்கும். அவ்வறிவு எளியோர் கையிற் கருவியாகச் சேர, முதற் கொள்முதலுக்கான உறுதி தொடக்கத்திலேயே வேண்டும்.