கணக்கில் இல்லாத பணம்: மேலதிகப் பற்றை விளங்கிக்கொள்வோம்

சில மாதங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை மாலை, ஒரு குடும்பத் தலைவர் எமது அலுவலகத்துக்கு வந்தார். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவில் வீட்டையும் மிளகுத் தோட்டத்தையும் இழந்தவர். இப்போது குண்டசாலைப் பக்கம் குத்தகைக்கு எடுத்த காணியில் போஞ்சியும் கறிமிளகாயும் பயிரிடுகிறார். உரக்கடைக்கு அவர் கொடுத்த 62,000 ரூபாய் காசோலை அன்று வங்கியிலிருந்து திரும்பிவிட்டது. கடைக்காரர் தொலைபேசியில் பொலிசுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.

"பாதர், நான் காசு போட்டுத்தானே வச்சிருந்தேன்!" என்றார் அவர். அது பொய்யல்ல. மரக்கறி வாங்கிய முதலாளி கொடுத்த 85,000 ரூபாய் காசோலையை வெள்ளிக்கிழமை மாலை வங்கியில் இட்டிருந்தார். கணக்கில் ஏற்கெனவே 9,400 ரூபாய் இருந்தது. ஆகவே 94,400 ரூபாய் இருப்பதாக நம்பி உரக்கடைக்கு எழுதினார். ஆனால் வங்கியின் கணக்கில் அன்று இருந்தது 9,400 மட்டுமே. செவ்வாயன்று முதலாளியின் காசோலையும் பணமில்லாமல் திரும்பியது.

இவரைப் போலப் பலர் இந்த வலையில் விழுந்திருக்கிறார்கள். இடம்பெயர்ந்து புதிய இடத்தில் தொழிலைத் தொடங்கும் குடும்பங்களுக்கு இதனால் வரும் இழப்பு பெரிது. எனவே இந்த இதழில் நடைமுறைக் கணக்கு, காசோலை, மேலதிகப் பற்று ஆகிய மூன்றையும் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இரண்டு வகைக் கணக்குகள்

நம்மில் பலருக்கு இருப்பது சேமிப்புக் கணக்கு. அதில் பணம் இருந்தால் எடுக்கலாம், இல்லாவிட்டால் எடுக்க முடியாது. இருக்கும் பணத்துக்கு வங்கி சிறிது வட்டி தரும்.

நடைமுறைக் கணக்கு வேறு வகையானது. மக்கள் இதைக் 'கரண்ட் எக்கவுண்ட்' என்பர். இதற்குக் காசோலைப் புத்தகம் தருவார்கள். பொதுவாக வட்டி கிடையாது. காசோலை என்பது பணம் அல்ல. 'என் கணக்கிலிருந்து இவருக்கு இவ்வளவு கொடுங்கள்' என்று நீங்கள் வங்கிக்கு எழுதும் கட்டளை அது. இந்நாட்டில் 1927ஆம் ஆண்டின் உண்டியல் கட்டளைச் சட்டமே இன்றும் இதற்கு அடிப்படை. கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கிக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 'வழங்கியவரை அணுகவும்' என்று எழுதிக் காசோலையைத் திருப்பலாம். மற்றையது, தன் பணத்தைக் கொடுத்துவிட்டு அதை உங்கள் கடனாகப் பதியலாம். இந்த இரண்டாவதுதான் மேலதிகப் பற்று, அதாவது 'ஓ.டி.'.

மேலதிகப் பற்று யாருக்காக வந்தது?

1728இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில், ரோயல் வங்கி வில்லியம் ஹொக் என்னும் வணிகருக்குத் தன் கணக்கில் இருப்பதற்கு மேல் 1,000 பவுண் வரை எடுக்க அனுமதி கொடுத்தது. மேலதிகப் பற்றின் தொடக்கமாக இதையே சொல்வார்கள். அவருக்கு வரவேண்டிய பணம் பிந்தியும், கொடுக்கவேண்டிய பணம் முந்தியும் வந்தது. அந்த இடைவெளியை நிரப்பவே இந்த ஏற்பாடு.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மேலதிகப் பற்று, நாள்தோறும் பணம் வந்து போகும் வணிகனுக்காகப் பிறந்தது. விவசாயியின் பணமோ நாள்தோறும் வருவதில்லை. நடும்போது போகிறது, மூன்று நான்கு மாதம் கழித்து அறுவடையில்தான் திரும்புகிறது.

கணக்கைப் பாருங்கள். ஆண்டுக்கு 23 வீத வட்டி என்று வைப்போம். கண்டி நகரத்துக் கடைக்காரர் ஒருவர் 100,000 ரூபாயை ஐந்து நாட்களுக்கு மேலதிகப் பற்றாக எடுத்து, விற்பனைப் பணத்தால் அடைக்கிறார். அவருக்கு வட்டி ஏறத்தாழ 315 ரூபாய். அதே 100,000 ரூபாயை ஒரு விவசாயி நடுகைக்கு எடுத்து நான்கு மாதம் விடுகிறார். முதல் மாத வட்டி 1,917 ரூபாய். அது கடனோடு சேர்வதால் இரண்டாம் மாத வட்டி 101,917 ரூபாய்க்குக் கணிக்கப்பட்டு 1,953 ஆகிறது. மூன்றாம் மாதம் 1,991. நான்காம் மாதம் 2,029. அறுவடையன்று அவர் கட்டவேண்டியது 107,890 ரூபாய். மழை கெடுத்து ஒரு போகம் தப்பினால் இந்தத் தொகை வளர்ந்துகொண்டே போகும்.

மேலும் மூன்று விடயங்கள் நினைவில் இருக்கட்டும். முதலாவது, வட்டி நாளாந்த மீதிக்குக் கணிக்கப்பட்டு மாத முடிவில் கணக்கிலிருந்தே கழிக்கப்படும்; உங்களிடம் யாரும் கேட்கமாட்டார்கள். இரண்டாவது, இணங்கிய எல்லைக்கு மேல் போனால் மேலதிக வட்டி உண்டு. மூன்றாவது, மேலதிகப் பற்று கேட்டவுடன் திருப்பிக் கொடுக்கவேண்டிய கடன். தவணைக் கடனைப் போல அதற்குக் காலம் குறிக்கப்பட்டிருப்பதில்லை.

வட்டி வீதமும் நிலையானதல்ல. 2022 ஏப்ரல் 8 அன்று இலங்கை மத்திய வங்கி, வணிக வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் வீதத்தை 7.5 இலிருந்து 14.5 வீதத்துக்கு ஒரே நாளில் உயர்த்தியது. அதன் சுமை மேலதிகப் பற்று வைத்திருந்த சிறு வியாபாரிகள் மீதும் விவசாயிகள் மீதும் இறங்கியது. 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி தலையிட்டு, முன்கூட்டியே இணங்கிய தற்காலிக மேலதிகப் பற்றுக்கு 23 வீதம் என்று உச்ச எல்லை விதித்தது. மேலே உதாரணத்துக்கு எடுத்தது அந்த வீதத்தையே.

தெரியாமலே கணக்கு வற்றும் ஐந்து ஓட்டைகள்

1. தேறாத காசோலை. நீங்கள் வைப்பிலிட்ட காசோலை, அதை எழுதியவரின் வங்கி ஏற்கும் வரை உங்கள் பணமல்ல. முன்பு வெளியூர்க் காசோலை தேற பல நாட்கள் எடுத்தன. 2006இல் காசோலையின் படத்தை மின்னணு வழியாக அனுப்பும் முறை வந்தபின், பொதுவாக அடுத்த வேலை நாளில் தேறிவிடும். ஆனால் மாலையில், வார இறுதியில், போயா தினத்துக்கு முன் இடும் காசோலை இன்னும் பிந்தும்.

2. முன்வைக்கப்படாத காசோலை. நீங்கள் எழுதிக் கொடுத்த காசோலையைப் பெற்றவர் உடனே வங்கிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதில்லை. மூன்று வாரம் மேசை இலாச்சியில் வைத்திருப்பார். இடையில் நீங்கள் மீதியைக் கேட்டால் வங்கி கூடிய தொகையையே சொல்லும். அதை நம்பி எடுத்தால், காசோலை வரும் நாளில் பணம் இராது.

3. தானாகக் கழியும் தொகைகள். காசோலைப் புத்தகச் செலவு, சேவைக் கட்டணம், கடன் தவணை, லீசிங் தவணை, காப்புறுதிக் கட்டணம் என்பன சத்தமின்றிக் கழியும்.

4. பிந்திய திகதியிட்ட காசோலை. விதை, பசளை, மருந்து எல்லாவற்றுக்கும் 'அறுவடைத் திகதி போட்டுச் செக் தாருங்கள்' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. திகதி நிச்சயமாக வரும், அறுவடை அப்படியல்ல. மூன்று கடைகளுக்கு ஒரே வாரத்துத் திகதியைப் போட்டால், மூன்றும் சேர்ந்து ஒரே அறுவடையை விழுங்கும்.

5. வெற்றுக் காசோலையில் கையெழுத்து. இதில் என் சொந்தத் தவறையே சொல்கிறேன். ஒரு விவசாயச் சங்கத்தின் கணக்கில் நானும் பொருளாளரும் கூட்டாகக் கையெழுத்திடுபவர்கள். பயணம் போகும் அவசரத்தில் ஐந்து வெற்றுத் தாள்களில் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது மூன்று பயன்படுத்தப்பட்டிருந்தன, அடிக்கட்டைகளில் எதுவும் எழுதப்படவில்லை, ஒன்று திரும்பியிருந்தது. விதைக் கிழங்கு கொடுத்தவர் அதன்பின் அச்சங்கத்துக்குக் கடன் கொடுக்கவில்லை. ஒரு சதமும் திருடப்படவில்லை. ஆனால் எவ்வளவு எழுதப்பட்டது என்று எவருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் எனது கையெழுத்துத்தான்.

காசோலை திரும்பினால்

திரும்பிய ஒவ்வொரு காசோலைக்கும் வங்கி கட்டணம் அறவிடும். அது அத்தோடு முடிவதில்லை. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் விசேட ஏற்பாடுகள் சட்டம், பணம் இல்லையென்று அல்லது போதாதென்று அறிந்துகொண்டே காசோலை எழுதுவதைக் குற்றமாக்கியது. ஓராண்டு வரையான சிறையும் தண்டப்பணமும் அதற்கு வகுக்கப்பட்டன. 'அறிந்துகொண்டே' என்ற சொல் முக்கியமானது. தவறுதலாக நடந்ததைக் காட்ட எழுத்துச் சான்று வேண்டும். வைப்புச் சீட்டு, கணக்குக் கொப்பி, வங்கிக் கூற்று என்பனவே அந்தச் சான்றுகள்.

திரும்பிய காசோலைகளின் விபரம் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையிலும் ஏறும். மக்கள் இதைக் 'கிறிப்' என்பார்கள். பின்னர் வீடு கட்டவோ உழவு இயந்திரம் வாங்கவோ எந்த வங்கிக்குப் போனாலும் அந்த அறிக்கையைப் பார்ப்பார்கள்.

இடம்பெயர்ந்தோர் கவனிக்க வேண்டியவை

வங்கி உங்களுக்கு எழுதும் கடிதம் எந்த விலாசத்துக்குப் போகிறது? மண்ணுக்குள் போன வீட்டுக்கா? இதை முதலில் பாருங்கள். கணக்குக் குறைந்துள்ளது என்ற அறிவித்தல் கையில் கிடைக்காததாலேயே சிறிய பற்று பெருங்கடனாகலாம். தேசிய அடையாள அட்டையோடும் கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றோடும் கிளைக்குச் சென்று புதிய விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் பதிவு செய்யுங்கள். குறுஞ்செய்தி அறிவித்தலையும் கேட்டுப் பெறுங்கள்.

காசோலைப் புத்தகம் மண்சரிவிலோ வெள்ளத்திலோ தொலைந்திருந்தால், பொலிசில் முறைப்பாடு செய்து, அந்த இலக்கக் காசோலைகளுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தும்படி வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

நட்டஈடு மொத்தமாக வந்தால் அதை நடைமுறைக் கணக்கில் விடாதீர்கள். சேமிப்புக் கணக்கில் வையுங்கள். ஏற்கெனவே மேலதிகப் பற்று உள்ள கணக்கில் விழும் பணத்தை அந்தக் கடன் முதலில் விழுங்கிவிடும். வீட்டுக்கு வந்த பணம் வீட்டுக்கு வராது.

ஒரு ரூபாய்க் கொப்பிப் பழக்கம்

பாடசாலைக் கொப்பி ஒன்றில் ஐந்து நிரல்கள் போடுங்கள்: திகதி, விபரம், வரவு, செலவு, மீதி. இரண்டு விதிகள் போதும். எழுதிக் கொடுத்த காசோலையை எழுதிய அன்றே, பிந்திய திகதி இட்டிருந்தாலும், கழியுங்கள். வாங்கிய காசோலையை வங்கி 'தேறிவிட்டது' என்று சொன்ன பின்பே கூட்டுங்கள். மேலே சொன்ன சகோதரர் இந்த விதிப்படி எழுதியிருந்தால், வெள்ளியன்று அவருடைய மீதி 9,400 என்றே இருந்திருக்கும். 62,000க்குக் கை போயிருக்காது. மாதம் ஒருமுறை கொப்பியை வங்கிக் கூற்றோடு ஒப்பிடுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் இதை ஒப்படைத்தால் பிள்ளையும் கணக்குப் படிக்கும்.

மரக்கறி முதலாளியிடம் இயன்றவரை காசோலைக்குப் பதிலாக வங்கிக்கு நேரடிப் பணமாற்றம் கேளுங்கள். 2015 முதல் வங்கிக்கு வங்கி உடனடிப் பணமாற்றம் செய்யும் வசதி உண்டு.

ஏற்கெனவே விழுந்துவிட்டால்

ஒளிந்து கொள்ளாதீர்கள். காசோலை வரும் நாளுக்கு முன்பே முகாமையாளரையும் காசோலை பெற்றவரையும் சந்தியுங்கள். நீண்டகாலம் அடையாத மேலதிகப் பற்றை, அறுவடையோடு பொருந்தும் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். ஒரு காசோலையை அடைக்க இன்னொரு காசோலை எழுதாதீர்கள். பணத்தைக் கட்டியதும் திரும்பிய காசோலையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நடுகைச் செலவுக்கு வேறு வழியும் உண்டு. இந்நாட்டின் முதலாவது கூட்டுறவுக் கடன் சங்கம் 1906இல் தொடங்கியது கொழும்பில் அல்ல, நமது மெனிக்கின்னவில்தான். கந்துவட்டியிலிருந்து மீள விவசாயிகள் சிறுசிறு சேமிப்பைச் சேர்த்து, போகத்துக்குக் கடனாகக் கொடுத்து வாங்கும் முறை அது. விவசாயியின் காலத்தை அறிந்த கடன் அதுவே.

அந்தச் சகோதரர் உரக்கடைக்காரரிடம் வைப்புச் சீட்டைக் காட்டிப் பேசினார். மூன்று தவணைகளில் ரொக்கமாகக் கட்ட இணக்கமானது. இரண்டு தவணைகள் கட்டிவிட்டார். முதலாளியிடமிருந்து வரவேண்டிய 85,000இல் இதுவரை 40,000தான் கிடைத்திருக்கிறது. மீதிக்கு வாரந்தோறும் சந்தைக்குப் போய்வருகிறார். இம்முறை காசோலை வாங்குவதாக இல்லை.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. நம் கிராமத்தில் பிந்திய திகதியிட்ட காசோலை யார் யாரிடம் இருக்கிறது? அவற்றின் திகதிகள் நம் அறுவடையோடு பொருந்துகின்றனவா?
2. நம் சங்கத்தின் காசோலைப் புத்தகத்தில் கையெழுத்திட்ட வெற்றுத் தாள் உண்டா?
3. இடம்பெயர்ந்தபின் வங்கியில் விலாசம் மாற்றாத குடும்பங்கள் எத்தனை? அவர்களை ஒரே நாளில் கூட்டிச்செல்ல யார் முன்வருவார்?