பம்பின் மேல் பழி போடுமுன்

2000-ல் பொலேரோ, 2002-ல் ஸ்கார்ப்பியோ என்று வரிசையாக வந்த டீசல் எஸ்.யூ.வி.க்களில் பல, 15 ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்தபின், தகுதிச் சான்று வாங்கி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டு இன்னும் ஓடுகின்றன. இந்த வயதில் கோளாறு வருவதில் வியப்பில்லை. வருத்தம் என்னவென்றால், கெடாத பாகத்தை மாற்றுவதற்கே இவற்றில் நிறையப் பணம் கரைகிறது. வண்டியில் முதலில் மூப்படைவது ரப்பரும், வயர் இணைப்புகளும், ஃபில்டர்களும்தான். சந்தேகமோ நேராக பம்பு, இன்ஜெக்டர், டர்போ என்று விலை உயர்ந்த பாகங்களின் மேல் போய் விழுகிறது.

காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு என்றால் 'ஹீட்டர் பிளக் போயிருக்கும்' என்பார்கள். குளிர்ப் பிரதேசத்தில் சரி. சென்னை வெயிலில் அது முதல் சந்தேகமாக இருக்க வேண்டியதில்லை. காமன் ரயில் எஞ்சினில் ரயில் அழுத்தம் ஓரளவு ஏறினால்தான் கம்ப்யூட்டர் டீசலைத் தெளிக்கவே அனுமதிக்கும். பேட்டரி தளர்ந்தோ, எர்த் வயர் துருப்பிடித்தோ செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் அந்த அழுத்தம் ஏறாது. ஆகவே முதலில் கையில் எடுக்க வேண்டியது மல்டிமீட்டர். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் பிடிக்கவில்லை என்றால்தான் டீசல் பக்கம் திரும்ப வேண்டும். அங்கேயும் ஃபில்டர் அடைப்பு, அதில் தேங்கிய தண்ணீர், வெடித்த குழாய் வழியாக நுழையும் காற்று, இவையெல்லாம் பார்த்த பிறகுதான் பம்பு. பிக்கப் இல்லை, கரும்புகை வருகிறது என்ற புகாரும் இப்படித்தான். டர்போவைக் கழற்றுமுன், இன்டர்கூலர் ஹோஸில் கீறல் இருக்கிறதா, இ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்க அரைமணி நேரம் போதும்.

'ஸ்கேனர் போட்டால் தெரிந்துவிடுமே' என்று கேட்கலாம். பாதிதான் தெரியும். பி0087 என்ற கோடு ரயிலில் அழுத்தம் குறைவு என்று சொல்கிறது. பம்பு போய்விட்டது என்று சொல்வதில்லை. அடைத்துக்கொண்ட ஃபில்டரும் அதே கோடைக் கொண்டுவரும். கைராசியான மெக்கானிக் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார் என்பது அடுத்த வாதம். அனுபவத்தை மதிக்க வேண்டியதுதான். ஆனால் சோதித்துப் பார்க்கும் நேரத்துக்குக் கூலி தர நாம் தயங்குகிறோம், பாகம் மாற்றினால் மறுபேச்சின்றித் தருகிறோம். அப்படியிருக்க, அவர் பாகத்தை மாற்றாமல் என்ன செய்வார்?

சூடேறும் கோளாறில், அது எப்போது ஏறுகிறது என்பதே பாதி விடை. நெரிசலில் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கினால் காற்றோட்டத்தில் குறை: ஃபேன், அதன் விஸ்கஸ் கப்ளிங். ஏற்காடு போன்ற மலையேற்றத்திலும் வேகத்திலும் ஏறினால், ரேடியேட்டர் அடைப்பையோ தெர்மோஸ்டாட்டையோ சந்தேகிக்கலாம். கூலன்டுக்குப் பதிலாகப் போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் உப்புப் படிந்து அடைப்பது சகஜம். ரேடியேட்டர் மூடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அது சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 120 வரை தாங்குகிறது. மூடியின் ரப்பர் போனால் அந்த வசதியும் போயிற்று. (சூடாக இருக்கும்போது அதைத் திறக்கக் கூடாது.) இதையெல்லாம் விட்டுவிட்டு ஹெட் கேஸ்கெட்டைப் பிரிப்பது அவசர வேலை. ஸ்டீயரிங் ஆட்டத்துக்கும் வீல் பேலன்சிங், புஷ், பால் ஜாயின்ட் என்ற வரிசையில் போனால் போதும்.

பெரிய பாகங்கள் கெடவே கெடாதா? கெடும். டீசல் ஃபில்டரைப் பிரிக்கும்போது பளபளக்கும் உலோகத் துகள் தென்பட்டால், பம்பு உள்ளுக்குள் தேய்கிறது என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. அப்போது பம்பை மட்டும் மாற்றுவது பாதி வேலை. டேங்க், குழாய்களைச் சுத்தம் செய்து இன்ஜெக்டர்களையும் சோதிக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே துகள் புதுப் பம்புக்கும் போகும். அந்த மொத்தச் செலவையும் வண்டியின் விற்பனை விலையோடு வைத்துப் பார்த்து, இனி வைத்துக்கொள்ளலாமா என்று முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான்.