கௌதமராக மாறிய இந்திரன்: அன்று சேலத்தில், இன்று உங்கள் கம்ப்யூட்டரில்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் போனவர்கள் ஒரு பழைய நுழைவு வளைவைப் பார்த்திருப்பீர்கள். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோவில் இன்று மிஞ்சியிருக்கும் அடையாளம் அதுதான். திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய இந்த ஸ்டுடியோவின் முதல் படம் 1937இல் வெளிவந்த 'சதி அகலிகை'. சுந்தரமே இயக்கினார். இலங்கையில் பிறந்த கே.தவமணிதேவி அகலிகையாக நடித்தார்.

அகலிகை கதை உங்களுக்குத் தெரியும் அல்லவா? முனிவர் கௌதமர் ஆற்றுக்குச் சென்ற நேரத்தில் இந்திரன் அவர் உருவத்தில் குடிலுக்குள் நுழைகிறான். முனிவர் திரும்பி வந்ததும் பூனையாக மாறி நழுவப் பார்க்கிறான். முனிவரின் சாபத்தால் அகலிகை கல்லாகிறாள். ஒரே கதையில் மூன்று உருமாற்றங்கள்!

புத்தகத்தில் உள்ள இப்படிப்பட்ட ஒரு பாத்திரத்தைத் திரைக்கு எப்படிக் கொண்டு வருகிறார்கள்? அதில் ஒரு பகுதியை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எப்படிச் செய்து பார்ப்பது? இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

புத்தகத்தில் ஒரு வரி, திரையில் ஒரு சிக்கல்

'இந்திரன் கௌதமராக மாறினான்' என்று எழுத ஒரு வரி போதும். படிப்பவருக்கு இரண்டும் தெரிந்துவிடுகிறது. முகம் கௌதமருடையது, ஆள் இந்திரன். திரையில் ஒரு நேரத்தில் ஒரு முகத்தைத்தான் காட்ட முடியும். கௌதமராக நடிப்பவரையே நிறுத்தினால் பார்ப்பவர் அவரை உண்மையான கௌதமர் என்று நினைத்துவிடலாம். இந்திரனாக நடிப்பவருக்குத் தாடி ஒட்டி நிறுத்தினால், 'இது யார் என்று அகலிகைக்குத் தெரியாதா?' என்று கேட்பார்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. அகலிகை ஏமாற்றப்பட்டாள் என்று சிலர் சொல்வார்கள், அறிந்தே இருந்தாள் என்று சிலர் சொல்வார்கள். வால்மீகியும் கம்பரும்கூட இந்தக் கதையை ஒரே மாதிரி சொல்லவில்லை. புத்தகம் இதை வார்த்தைகளில் விளக்கலாம். படம் எடுப்பவர் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். அகலிகைக்கு என்ன தெரிகிறது? பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் தந்திரக் காட்சி பற்றிய பேச்சு.

இதற்கு நல்ல உதாரணம் 1957இல் வந்த 'மாயா பஜார்'. கடோத்கஜன் வத்சலாவாக மாறுகிறான். மாறிய பிறகும் திரையில் இருப்பவர் சாவித்திரிதான். ஆனால் நடையும் பார்வையும் கடோத்கஜனாக நடித்த எஸ்.வி.ரங்காராவினுடையவை போல இருக்கும். பார்ப்பவருக்கு உண்மை தெரியும், கதையில் இருப்பவர்களுக்குத் தெரியாது. சிரிப்பே அங்கேதான் பிறக்கிறது. உருவம் மாறும் அந்த ஒரு நொடியைவிட, அதற்குப் பின் வரும் நடிப்புதான் பாத்திரத்தை நம்ப வைக்கிறது.

கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில்

அந்தக் காலத்தில் ஒளிப்பதிவாளர்களிடம் முக்கியமாக மூன்று வழிகள் இருந்தன.

1. நிறுத்தி மாற்றுதல்: நடிகர் அசையாமல் நிற்பார். கேமராவை நிறுத்துவார்கள். அவர் இடத்தில் வேறு ஒருவரை நிறுத்தி, மறுபடி ஓட விடுவார்கள். படத்தில் முதல் ஆள் 'டக்' என்று மறைந்து இரண்டாவது ஆள் தோன்றுவார். பிரான்சில் ஜார்ஜ் மெலியஸ் இதை 1896லேயே செய்தார்.

2. டிஸ்ஸால்வ்: முதல் உருவத்தை எடுக்கும்போது ஒளியைச் சிறிது சிறிதாகக் குறைப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, அதே பகுதியில் இரண்டாவது உருவத்தை ஒளியைக் கூட்டிக்கொண்டே பதிவு செய்வார்கள். ஒன்று கரைய மற்றொன்று தெரியும். கணக்கு தவறினால் அந்தப் பிலிம் வீண். 'அன்டூ' பட்டன் அப்போது ஏது?

3. பாதி மறைத்தல்: லென்ஸின் ஒரு பாதியை மறைத்து மறுபாதியில் படம் எடுப்பார்கள். பிலிமைப் பின்னால் சுற்றி, எடுத்த பாதியை மறைத்து மீதியை எடுப்பார்கள். ஒரே நடிகர் இரண்டு பேராகத் தெரிவார். மாடர்ன் தியேட்டர்ஸ் 1940இல் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டையர்களாக நடித்தார். தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று அதைச் சொல்வார்கள்.

இரண்டு உருவங்களை ஒன்றாகக் காட்டுவது நம் பகுதிக்குப் புதிதல்ல. திருச்செங்கோடு மலையில் அர்த்தநாரீஸ்வரர் ஒரு பாதி ஆணாகவும் ஒரு பாதி பெண்ணாகவும் நிற்கிறார். நாமக்கல் குடைவரையில் நரசிம்மர் சிங்க முகமும் மனித உடலுமாக இருக்கிறார். சிற்பிக்கு அந்த ஒரு நிலை போதும். சினிமாவுக்கோ மனிதனுக்கும் சிங்கத்துக்கும் இடைப்பட்ட ஒவ்வொரு நிலையும் வேண்டும். அந்த இடைப்பட்ட நிலைகளைத்தான் கம்ப்யூட்டர் தந்தது.

மார்பிங் என்றால் என்ன?

1988இல் வந்த 'வில்லோ' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு மந்திரக்காரி விலங்கு விலங்காக மாறி, கடைசியில் மனித உருவம் பெறுவாள். கம்ப்யூட்டர் மார்பிங் சினிமாவில் புகழ் பெற்றது அந்தக் காட்சியால்தான். 1991இல் 'டெர்மினேட்டர் 2' படத்தில் உலோகம் போல உருகி ஆளாக மாறும் வில்லன் வந்தான். நரசிம்மர் கதையை முழுக்கக் கம்ப்யூட்டர் அனிமேஷனாகவே சொல்லும் 'மகாவதார் நரசிம்மா' 2025இல் தியேட்டர்களுக்கு வந்தது.

மார்பிங்குக்கும் டிஸ்ஸால்வுக்கும் என்ன வேறுபாடு? ஒரு சோதனை செய்து பாருங்கள். 'கிம்ப்' என்ற இலவச மென்பொருளில் 'பைல்' மெனுவில் 'ஓப்பன் ஆஸ் லேயர்ஸ்' என்பதைக் கிளிக் செய்து, இரண்டு பேரின் முகப் படங்களைத் திறக்கவும். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கண்ணாடித் தாள் போன்றது. மேலே உள்ள லேயரின் 'ஒபாசிட்டி' அளவை 50க்குக் குறையுங்கள். என்ன தெரிகிறது? நான்கு கண்கள், இரண்டு மூக்குகள்! பேய் போல இருக்கும். இதுதான் டிஸ்ஸால்வின் நடுப்பகுதி.

மார்பிங்கில் முதல் வேலை புள்ளி வைப்பது. முதல் படத்தில் இடக் கண்ணில் ஒரு புள்ளி, இரண்டாவது படத்திலும் இடக் கண்ணில் ஒரு புள்ளி. இப்படி மூக்கு, வாய், காது, தாடை என்று கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல வைக்க வேண்டும். முதல் படத்தில் கண் இருக்கும் இடம் இடமிருந்து 600, மேலிருந்து 400 பிக்ஸல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது படத்தில் 640, 420. அப்படியானால் பாதி வழியில் கண் 620, 410 என்ற இடத்தில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் இரண்டு படங்களையும் ரப்பர் போல இழுத்து அந்த இடத்தில் பொருத்துகிறது. பிறகு நிறங்களைக் கலக்கிறது. ஒன்றில் நிற அளவு 200, மற்றதில் 100 என்றால் நடுவில் 150. இப்போது இரண்டு கண்கள்தான், ஒரு மூக்குதான். ஆனால் முகம் இருவருடையதும் அல்ல!

இதற்கு எவ்வளவு கணக்கு தேவை? எச்.டி. படத்தின் ஒரு பிரேமில் 1920 x 1080, அதாவது சுமார் 20 லட்சம் பிக்ஸல்கள். சினிமாவில் நொடிக்கு 24 பிரேம்கள். இரண்டு நொடி மாற்றத்துக்கு 48 பிரேம்கள். மொத்தம் கிட்டத்தட்ட 10 கோடி பிக்ஸல்களைக் கணக்கிட வேண்டும். எக்ஸ்போர்ட் செய்யும்போது உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாவதற்குக் காரணம் இதுதான். கம்ப்யூட்டர் பழுதாகிவிட்டது என்று பயப்பட வேண்டாம்.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் மகனோ மகளோ பூனையாக மாறுவது போல ஒரு காட்சி எடுக்கலாம். உண்மையான பூனை சொன்ன இடத்தில் உட்காராது. பொம்மைப் பூனையே நல்லது!

1. செல்போனை ஸ்டூல் மேல் அசையாதபடி படுக்கைவாட்டில் நிறுத்துங்கள். அறைக்குள் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுங்கள். மொட்டை மாடியில் எடுத்தால் மேகம் வந்து போகும்போது வெளிச்சம் மாறி, தந்திரம் தெரிந்துவிடும்.

2. பல போன்களில் திரையைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் போகஸும் வெளிச்ச அளவும் மாறாமல் நிற்கும். அப்படிச் செய்த பிறகு பதிவைத் தொடங்குங்கள்.

3. குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் பூனை போல உயர்த்தி, ஐந்து எண்ணும் வரை அசையாமல் இருக்கட்டும். பிறகு எழுந்து போகட்டும். பொம்மையை அதே இடத்தில் வையுங்கள். மேலும் பத்து நொடி ஓட விடுங்கள். இடையில் பதிவை நிறுத்த வேண்டாம், போனைத் தொடவும் வேண்டாம்.

4. கம்ப்யூட்டரில் புதிய போல்டர் ஒன்றை உருவாக்கி, யு.எஸ்.பி. கேபிள் மூலம் வீடியோவை அதில் காப்பி செய்யுங்கள். ஒரு நிமிட எச்.டி. வீடியோவே 100 எம்.பி.யைத் தாண்டலாம். ஹார்டு டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

5. 'ஷாட்கட்' என்ற இலவச வீடியோ எடிட்டரை அதன் சொந்த இணையதளத்திலிருந்தே டவுன்லோடு செய்து நிறுவுங்கள். வீடியோவைத் திறந்து, கீழே உள்ள 'டைம்லைன்' பகுதிக்கு இழுத்து விடுங்கள்.

6. குழந்தை எழுந்திருக்கும் நொடிக்குச் சற்று முன் கோட்டை நிறுத்தி, கீபோர்டில் 'எஸ்' அழுத்துங்கள். வீடியோ இரண்டாக வெட்டப்படும். பொம்மையை வைத்துவிட்டு நீங்கள் விலகிய பிறகு இன்னொரு வெட்டு. நடுத் துண்டைத் தேர்வு செய்து 'எக்ஸ்' அழுத்தினால், அது நீங்கி மற்ற இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மெலியஸ் செய்த வித்தை தயார்!

7. இரண்டாவது துண்டைச் சிறிது இடப்பக்கம் இழுத்து முதல் துண்டின் மேல் ஏற்றுங்கள். மேலே ஏறிய பகுதி டிஸ்ஸால்வாக மாறிவிடும். அரை நொடி போதும்.

8. புராஜெக்டைச் சேமித்துவிட்டு 'எக்ஸ்போர்ட்' செய்யுங்கள். சேமித்த புராஜெக்ட் பைலில் வெட்டு, ஒட்டு விவரங்கள் மட்டுமே இருக்கும், வீடியோ இருக்காது. எனவே மூல வீடியோவை அழித்துவிடாதீர்கள்.

ஒரு முறை பார்த்துவிட்டு, அந்தப் பூனை பொம்மையின் கழுத்தில் உங்கள் குழந்தை அணிந்திருந்த அதே நிற ரிப்பனைக் கட்டி மறுபடி எடுத்துப் பாருங்கள். 'இது அவள்தான்' என்று பார்ப்பவர் உடனே புரிந்துகொள்வார். உருமாற்றத்தில் ஏதாவது ஒன்று மாறாமல் இருக்க வேண்டும். வத்சலாவுக்குள் கடோத்கஜனின் நடை இருந்தது போல.

மாறாத அடையாளம் இல்லாதபோது

இனி சற்றுக் கவலைக்குரிய விஷயம். 'மார்பிங்' என்ற சொல்லை நம்மில் பலர் முதலில் கேட்டது சினிமாப் பக்கத்தில் அல்ல, குற்றச் செய்தியில். பெண்ணின் முகத்தை எடுத்து வேறு உடலில் பொருத்தி மிரட்டும் செய்திகளில்தான். இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் புள்ளி வைக்கும் வேலையைக்கூடத் தாங்களே செய்துகொள்கின்றன. குரலையும் போலி செய்கின்றன. கௌதமரின் முகத்தோடு வாசலில் நிற்க இந்திரனுக்கு தெய்வ சக்தி தேவைப்பட்டது. இன்று ஒரு செல்போன் போதும்.

மாயா பஜாரில் உண்மை நமக்குத் தெரியும், அதனால் சிரிக்கிறோம். மோசடியில் உண்மை அதைச் செய்தவனுக்கு மட்டுமே தெரியும். எனவே, தெரிந்தவர் முகத்திலோ குரலிலோ யாராவது அவசரமாகப் பணம் கேட்டால், உங்களிடம் உள்ள பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்.

யாருடைய படமாவது தவறாக மாற்றப்பட்டு வந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அனுப்பியவரின் எண்ணையும் இணைய முகவரியையும் குறித்து வையுங்கள். மிரட்டலுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மத்திய உள்துறை அமைச்சகத்தின் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் செய்யலாம். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி, கம்ப்யூட்டர் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆபாசப் படங்களைப் பரப்பினால் 67ஆவது பிரிவும் பாயும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கதையில் உருவம் மாற்றி வந்தவன் இந்திரன். கல்லாகிக் கிடந்தவள் அகலிகை. நம் வீடுகளிலும் அப்படித்தான் நடக்கிறது. படத்தை மாற்றியவனை விட்டுவிட்டு, படத்தில் இருக்கும் பெண்ணிடமிருந்து போனைப் பிடுங்குகிறோம், படிப்பை நிறுத்துகிறோம். உங்கள் மகளோடு உட்கார்ந்து மேலே சொன்ன பூனைக் காட்சியை எடுத்துப் பாருங்கள். இரண்டு வெட்டும் ஒரு ஒட்டும் போதும், ஒரு படத்தைப் பொய்யாக்க என்பதை வீட்டில் எல்லோரும் கண்ணால் பார்ப்பார்கள். நாளை அவள் ஒரு படத்தைக் காட்டி, 'அப்பா, இது நான் இல்லை' என்று சொன்னால், உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது.