வளைவில் திரும்பும் டிராக்டரின் வேகத்தைக் கணக்கிடும் முறை

நெல் மூட்டையோ கரும்போ ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு டிராக்டர் வளைவில் திரும்புங்கால், ஓட்டுபவரின் உடல் வெளிப்புறமாகச் சாய்வதை யாவரும் அறிவர். இச்சாய்வை அளந்தறிந்தால் வண்டி திரும்பிய வேகத்தைக் கணக்கிடலாம். பாரம் எவ்வேகத்தில் கவிழும் என்பதையும் முன்னரே அறிந்துகொள்ளலாம்.

ஓடும் பொருள் எதுவும் நேர்க்கோட்டிலேயே செல்ல முற்படும். வண்டியை வளைத்துத் திருப்புவது, தரை சக்கரங்களை உட்புறமாகத் தள்ளும் விசையேயாகும். அமர்ந்திருப்பவரின் உடல் நேரே செல்ல முயல்வதால், வெளியே இழுக்கப்படுவதுபோல் அவருக்குத் தோன்றுகிறது. இதற்குரிய விதியை ஹாலந்து தேசத்து விஞ்ஞானியான ஹைகன்ஸ் 1673-ம் ஆண்டில் வெளியிட்டார். வேகம் இரு மடங்கானால் இவ்விழுப்பு நான்கு மடங்காகும் என்பதே அதில் விவசாயிகள் முக்கியமாகக் கவனிக்கத்தக்கது.

வளைவின் ஆரத்தை அளத்தல்: திரும்பிய சக்கரத் தடத்தின்மீது இரு இடங்களில் முளையடித்து, இடையே 12 மீட்டர் நீளமுள்ள கயிற்றை விறைப்பாகக் கட்டுக. கயிற்றின் நடுவிலிருந்து தடம் விலகியுள்ள தூரத்தை அளந்து, அதனை 8-ஆல் பெருக்குக. கயிற்றின் நீளத்தை அதே நீளத்தால் பெருக்கி, முன் வந்த தொகையால் வகுக்க. விலகல் 90 செ.மீ. ஆயின், 144-ஐ 7.2-ஆல் வகுக்க, ஆரம் சுமார் 20 மீட்டர் என்று கிடைக்கும்.

இழுப்பை அளத்தல்: டிராக்டரின் மேற்கூரையிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, முடிச்சுக்கு 50 செ.மீ. கீழே ஓர் அளவுகோலைக் குறுக்காகப் பொருத்துக. சமதரையில் ஒரே வேகத்தில் திரும்புகையில் நூல் 15 செ.மீ. விலகினால், 15-ஐ 50-ஆல் வகுக்க 0.3 ஆகும், அதாவது பக்க இழுப்பு எடையில் பத்தில் மூன்று பங்கு. இச்சோதனையைப் பாரமின்றி, பரந்த களத்தில், மெதுவாகச் செய்தல் வேண்டும். அளவைப் பார்ப்பது ஓட்டுபவரின் வேலையன்று. அருகிலுள்ள ஆசனத்தில் அமர்ந்த மற்றொருவர் பார்த்தல் வேண்டும். அத்தகைய ஆசனம் இல்லாத வண்டியில் இச்சோதனை கூடாது.

வேகம்: இழுப்பு, 9.8, ஆரம் ஆகிய மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் காண்க. 0.3 x 9.8 x 20 = 58.8. இதன் வர்க்கமூலம் 7.67; வினாடிக்கு இத்தனை மீட்டர் என்பது பொருள். இதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர் ஆகும்.

கவிழும் எல்லை: இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையேயுள்ள அகலத்தில் பாதியை, பாரத்தோடு கூடிய வண்டியின் எடைமையம் தரையிலிருந்து நிற்கும் உயரத்தால் வகுக்க. அகலம் 1.6 மீட்டரும் எடைமையத்தின் உயரம் 1.6 மீட்டருமாயின் எல்லை 0.5. பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் இது மணிக்கு 25 கிலோமீட்டர் வேகமாகும். கரும்பை மேலும் குவித்து எடைமையம் 2 மீட்டருக்கு உயர்ந்தால் எல்லை 0.4-ஆகக் குறையும், 22 கிலோமீட்டரைச் சிறிது தாண்டினாலே டிரெய்லர் சாயும். டிராக்டரின் எடைமையம் தாழ்ந்திருப்பதால், ஓட்டுபவருக்கு அபாயம் ஏதும் தோன்றாதிருக்கும்போதே பின்னுள்ள பாரம் கவிழ்ந்துவிடக்கூடும். உடல் உணர்வை மட்டும் நம்புதல் ஆகாது என்பதற்குக் காரணம் இதுவே.

மேற்கண்ட எல்லை சமமான தரைக்கும் அசையாத பாரத்திற்கும் உரியது. பள்ளமும், வரப்பும், சரியும் மூட்டையும், பாதி நிரம்பிய தொட்டியில் அலையும் நீரும் அதனை இன்னும் குறைத்துவிடும். ஆதலின் கணக்கில் வந்த வேகத்தில் பாதிக்கு மேற்படாமல் திரும்புதல் நலம். அப்போது இழுப்பு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

வேகத்தை வளைவுக்கு முன்னரே குறைத்தல் வேண்டும். சாலையில் செல்லுங்கால் இடது வலது பிரேக் மிதிகள் இரண்டையும் ஒன்றாக இணைத்திருத்தல் அவசியம். பாரத்தின்மேல் ஆட்களை, முக்கியமாகச் சிறுவர்களை, ஏற்றுதல் ஒருபோதும் கூடாது. கவிழ்ந்த கரும்பை மீண்டும் அடுக்கிவிடலாம். போன உயிரை மீட்க வழியில்லை.